பேஸ் குதிப்பில் குடை கோளாறில்லாமல் திறக்க: பைலட் சூட், ஸ்லைடர், பேக்கிங்

கட்டடம், ஆண்டெனா, பாலம், பாறை இந்த நான்கிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதே பேஸ் குதிப்பு. அதில் இரண்டாவது பாராசூட் கிடையாது. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு முதல் குடை சிக்கினால், அதைக் கழற்றி விட்டு ரிசர்வ் என்ற இரண்டாவது குடையைத் திறக்க உயரமும் நேரமும் இருக்கும். பேஸ் குதிப்பவருக்கு இரண்டுமே இல்லை. இரண்டு விநாடி விழுந்தால் சுமார் 19 மீட்டர், மூன்று விநாடிக்கு 42 மீட்டருக்கு மேல், நான்கு விநாடிக்கு எழுபதைத் தாண்டும். அந்த நேரத்துக்குள் கோளாறைப் புரிந்துகொண்டு சரிசெய்வது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் கோளாறு தரையிலேயே, பேக் செய்யும் பாயிலேயே தடுக்கப்பட வேண்டும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட், கோலசிலாங்கூர், சுங்கை பட்டாணி போன்ற தோட்டப்புற ஊர்களில் இருந்து, விமானக் குதிப்பில் நல்ல அனுபவம் பெற்று, பேஸ் பயிற்சியும் முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். கே.எல். கோபுரத்தில் அனுமதியோடு நடக்கும் நிகழ்ச்சிக்கோ, அமெரிக்காவில் டுவின் ஃபால்ஸ் நகரின் 148 மீட்டர் உயரப் பெரைன் பாலத்துக்கோ தயாராகிறவர்களுக்கு இது பயன்படும். பயிற்சி எடுக்காதவர் இதைப் படித்துவிட்டுக் குதிக்கக் கூடாது. பேக்கிங்கை அருகில் உட்கார்ந்து கைபிடித்துச் சொல்லித் தருபவரிடம்தான் கற்க முடியும். ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அவற்றின் முகப்பில் திட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும், அடிவாரத்தில் இறங்கத் திறந்த இடம் கிடைப்பது அரிது, அனுமதியும் இல்லை.

திறப்பு எங்கெங்கே தடைபடுகிறது

கை பைலட் சூட்டை, அதாவது பெரிய குடையை வெளியே இழுக்கும் சிறு குடையை, எறிகிறது. அது காற்றைப் பிடித்து, சுமார் 2.7 மீட்டர் நீளமுள்ள பிரிடில் பட்டையை நீட்டுகிறது. பிரிடில் முதுகுப் பையைப் பூட்டியிருக்கும் ஊசியை உருவுகிறது, பை திறக்கிறது, குடை மேலே எழுகிறது, கயிறுகள் முழு நீளத்துக்கு இழுபடுகின்றன. அதன்பின் வால் பகுதியில் கயிறுகளைப் பிடித்திருக்கும் டெயில்கேட் விடுகிறது, அறைகளில் காற்று நிரம்புகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனிக் கோளாறு உண்டு. எறிவதில் பிழை என்றால் பைலட் சூட் முதுகுக்கு மேல் காற்றோட்டம் கலைந்திருக்கும் இடத்தில் விழுந்து தயங்கும். பிரிடில் தவறான வழியில் போயிருந்தால் ஊசி உருவாது. டெயில்கேட் இல்லாவிட்டால் குடையின் வாலை இழுத்துத் திருப்ப உதவும் பிரேக் கயிறு, குடையின் முன்விளிம்பான மூக்கைச் சுற்றி மேலே ஏறிக்கொள்ளும். மடிப்பு ஒரு பக்கம் கனத்தால் குடை திசை மாறி, குதித்த இடத்தையே பார்த்துத் திறக்கும். பேஸில் உயிர்களைக் கொண்டுபோவதில் முன்னிற்பது இந்தக் கடைசிக் கோளாறுதான். குடை முழுதாகத் திறந்திருக்கும், ஆனால் சுவரை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்.

டிலேக்கு ஏற்ற பைலட் சூட்

குதித்தது முதல் எறிவது வரை உள்ள நேரத்தை டிலே என்கிறோம். எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு விநாடியில் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர், மூன்று விநாடியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதே பைலட் சூட் மூன்றாம் விநாடியில் எட்டு மடங்குக்கு மேல் பலமாக இழுக்கும். குறைந்த டிலேயில் பெரிய பைலட் சூட் வேண்டியிருப்பது இதனால்தான். 48 அங்குலப் பைலட் சூட்டின் பரப்பு 32 அங்குலத்தின் பரப்பைப்போல் 2.25 மடங்கு.

பொதுவாகப் புழக்கத்தில் உள்ள அளவு இது: குதித்தவுடன் எறிவதற்கும் ஒரு விநாடிக்கும் 46 முதல் 48 அங்குலம். இரண்டு விநாடி அளவில் 42 முதல் 46. மூன்றைத் தொட்டால் 38 முதல் 42. நான்கு, ஐந்துக்கு 36 முதல் 38. உயர்ந்த பாறைகளிலிருந்து முழு வேகம் பிடிக்கும் வரை விழுபவர்களுக்கு 32 முதல் 34. குடையின் அளவும் எடையும் இதைச் சற்று மாற்றும், ஆகவே உங்கள் தயாரிப்பாளரின் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

பெரியதைப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அதிக வேகத்தில் பெரிய பைலட் சூட் குடையின் நடு அறையை மட்டும் மடிப்பிலிருந்து பிடுங்கித் தூக்கிவிடும், கயிறுகள் அடுக்கிலிருந்து மொத்தமாகக் கொட்டும். திறப்பு முதுகை உலுக்கும், திசையும் மாறும். சிறியதைக் குறைந்த வேகத்தில் போட்டால் அதற்கு நேர்மாறு: அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், ஊசியை உருவத் தேவையான பலம் வராது.

பைலட் சூட்டின் உள்ளே உச்சியிலிருந்து விளிம்புக்கு ஓடும் பட்டைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். ஒன்று நீண்டால் அது சுழன்றுகொண்டே மேலேறும், குடையைத் தூக்கும்போதே ஒரு பக்கமாகத் திருகும். வலையில் கிழிசல், துணியில் மெலிவு, பிரிடில் சேரும் இடத்தில் தையல் பிரிதல் இந்த மூன்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். குடையோடு ஒப்பிட்டால் பைலட் சூட் மலிவான பொருள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஸ்லைடர்: போடுவதா, எடுப்பதா

ஸ்லைடர் என்பது நான்கு மூலையிலும் வளையம் வைத்த துணி. கயிறுகளின் மேல்முனையிலிருந்து மெல்லக் கீழே இறங்கி, குடை ஒரேயடியாக விரியாமல் தாமதப்படுத்துகிறது. மூன்று விநாடிக்குக் குறைந்த டிலேயில் அதைக் கழற்றிவிடுவோம், ஏனென்றால் அந்தத் தாமதத்துக்கு உயரம் இல்லை. நான்கு விநாடிக்கு மேல் கட்டாயம் போடுவோம், இல்லாவிட்டால் திறப்பின் அதிர்ச்சியில் உடம்பும் கயிறும் தாங்காது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உள்ள இடம் சங்கடமானது. அனுபவமுள்ளவர்கள் பெரிய கண் வலையில் தைத்த ஸ்லைடரோடு அங்கே குதிக்கிறார்கள். புதியவர் அந்த டிலேயையே தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு விநாடியில் எறியுங்கள், அல்லது நான்கு விநாடிக்கு இடம் தரும் உயரத்துக்குப் போங்கள். கே.எல். கோபுரத்தின் மொத்த உயரம் 421 மீட்டர், குதிக்கும் தளம் ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறது. இரண்டு முறையும் சாத்தியமான உயரம் என்பதால், எது என்று முதல் நாளே முடிவு செய்து அதற்கேற்ப பேக் செய்யுங்கள். மேலே போன பிறகு டிலேயை மாற்றாதீர்கள்.

ஸ்லைடர் இல்லாத பேக்கிங்கில் பிரேக் கயிறு பின் ரைசரின் (கயிறுகளைத் தோள் பட்டையோடு இணைக்கும் பட்டை) வழிகாட்டி வளையத்துக்கு வெளியே போக வேண்டும். பிரேக் கயிறு குடைக்கு மேலே ஏறிக்கொண்டால், டோகலை, அதாவது பிரேக் கயிற்றின் கைப்பிடியை, முழுதாகக் கைவிட்டாலே கயிறு உருவிக்கொண்டு போய்விடும், பின் ரைசர்களைப் பிடித்துத் திசை திருப்பி இறங்கலாம். வளையத்துக்குள்ளே போயிருந்தால் டோகல் அங்கே மாட்டிக்கொள்ளும், வெட்டுக் கத்தியைத் தேட வேண்டியிருக்கும். ஸ்லைடர் போடும்போது கயிறு வளையத்துக்குள் திரும்பி வர வேண்டும்.

பலர் தவறுவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாளில். ஸ்லைடரை மாற்றினால் அதோடு இன்னும் நான்கு மாற வேண்டும்: பிரேக் கயிறு ஓடும் வழி, பிரேக் பூட்டும் கண், டெயில்கேட், பைலட் சூட். இவற்றை ஓர் அட்டையில் எழுதி பேக்கிங் பையிலேயே வைத்திருங்கள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போடுங்கள். களைத்துப்போன மாலை நேரத்தில் நினைவை நம்ப முடியாது.

பேக்கிங்

முதலில் ரைசரிலிருந்து குடை வரை கயிறுகளைக் கையால் தடவிக்கொண்டே நடந்து, எங்கும் திருகலோ குறுக்கே தாண்டலோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிரேக் கயிறுகளில் திருகல் சேரும், இரண்டையும் கீழிருந்து மேலாக நீவித் திருகலை எடுத்துவிடுங்கள். திருகிய கயிறுதான் திறக்கும்போது முடிச்சாக இறுகுகிறது.

மடிப்புகளைச் சேலைக் கொசுவம் போல ஒரே அகலத்தில், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சமமாக அடுக்க வேண்டும். ஏ, பி, சி, டி என்று ஒவ்வொரு வரிசைக் கயிற்றுக்கும் இடையே உள்ள துணி முழுவதும் வெளியே இழுக்கப்பட்டிருக்கட்டும். கயிறுகள் நடுவில் ஒரே கற்றையாக நிற்கட்டும். மூக்கை எப்படி வைக்கிறீர்கள் என்பதைவிட இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைக்கிறீர்களா என்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது. இடது பக்க அறைகள் நான்கு விரல் அளவு வெளியே தெரிந்தால் வலதும் அதே நான்கு விரல்.

மடிப்பைப் பிடிக்கும் கிளிப்புகளை ஆரம்பத்திலேயே எண்ணி வரிசையாக வையுங்கள். பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றுங்கள். பையை மூடுவதற்கு முன் எண்ணிக்கை சரியாகத் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், குடையை முழுதாக வெளியே எடுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் செலுத்தப் பயன்படும் இழுகயிற்றுக்கும் இதே விதி.

அடுத்து டெயில்கேட். இது வால் பகுதியின் நடுவில் பிரேக் கயிறுகளைக் கூட்டிப் பிடிக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம். கயிறுகள் முழுதாக நீளும் வரை அவற்றை நடுவில் நிறுத்தி, பிறகு விட்டுவிடுவது அதன் வேலை. இது விடுவதற்கு முன்பே அறுந்தால் ஒரு பிரேக் கயிறு பக்கவாட்டில் பறந்து மூக்கின் மேல் ஏற வழி உண்டு. அளவுக்கு மேல் சுற்றினால் வால் பகுதி விரிய மறுக்கும். எத்தனை சுற்று என்பது கையேட்டில் இருக்கும், அதை மீற வேண்டாம். ஒவ்வொரு குதிப்புக்கும் புதிய வளையம் போடுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தில் சுற்றும் வளையம் இதற்கு ஆகாது, அதன் பலமும் நீட்சியும் ஒன்றுக்கொன்று மாறும். பாராசூட் கடையில் அளவு சொல்லி வாங்குங்கள்.

கயிறுகளைக் குடையின் வாலில் தைத்திருக்கும் சிறு பைக்குள் இடம் வலமாகச் சம மடிப்பில் அடுக்கி, ரைசர்களைத் திருகாமல் தோள்களின் மேல் சமமாக இறக்குங்கள். பிறகு குடையைப் பையின் அகலத்துக்கு மடித்துப் போடும்போது ஒரு மூலை கனத்து மறு மூலை காலியாக விடாதீர்கள். பிரிடில் குடையோடு சேரும் இடம் எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் இருக்க வேண்டும்.

பிரேக்கைப் பூட்டும்போது இரண்டு டோகலின் முனையும் கண்ணுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் முன்னதாகக் கழன்றால் குடை அந்தக் கணமே சுழலும். மிஞ்சிய பிரேக் கயிற்றை அதற்குரிய இடத்தில் செருகுங்கள், தொங்கவிட்டால் டோகலைச் சுற்றிச் சுருக்குப் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக ஊசி. கண்ணிக் கயிறு நைந்திருந்தால் மாற்றுங்கள். அது தளர்வாக இருந்தால் ஊசி தானாக நழுவி, நிற்கும் இடத்திலேயே பை திறந்துகொள்ளும். மிக இறுக்கமாக இருந்தால் ஒரு விநாடி டிலேயில் பைலட் சூட்டுக்கு இருக்கும் சில கிலோ இழுவை போதாது, குடை பையிலேயே இருக்க பைலட் சூட் மட்டும் பின்னால் இழுபடும். பையைத் தரையில் அழுத்திக்கொண்டு பிரிடிலைக் கையால் மேல்நோக்கி இழுத்துச் சோதியுங்கள். ஊசி தயங்காமல், ஆனால் தானாக அல்லாமல், வர வேண்டும். இரண்டு ஊசிப் பைகளில் பிரிடில் எந்த ஊசியில் முதலில் ஓட வேண்டும் என்ற வரிசை முக்கியம். தலைகீழாகப் போனால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

தோட்டத்துச் சூழல்: அமிலம், ஈரம், மண்

இது நம் ஊருக்கே உரிய ஆபத்து, வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்காது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். அதே அமிலம் செறிவாக இருந்தால் நைலானைக் கரைத்துவிடும். ஒரு துணி நைலான்தானா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவதே அதைத்தான். குடை, பைலட் சூட், பட்டைகள் பெரும்பாலும் நைலான். நீர் கலந்த அமிலம் பட்டவுடனே ஓட்டை விழாது, ஆனால் எவ்வளவு பலம் போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பால் கொட்டகையிலோ, அமிலக் கேன் வைத்த ஸ்டோரிலோ, ஒட்டுப்பால் ஏற்றிய வேனிலோ குடைப்பையை வைக்கவே கூடாது. பால் வெட்டிவிட்டு வந்த கையை, உடையை மாற்றிக் கழுவிய பிறகுதான் பேக் செய்யத் தொடுங்கள். அமிலம் பட்டதாகச் சந்தேகம் வந்தால் நிறைய நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாராசூட்டைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் கொடுங்கள். அவர் சொல்லும் வரை அதைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டாம். கார் பேட்டரி அமிலம், களைக்கொல்லி, உர மூட்டை எல்லாவற்றுக்கும் இதே தூரம்தான்.

லயத்து வீட்டு முன்வாசலில் குடையை விரிப்பவர்கள் பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை மெதுவாக அழிக்கும். தோட்டத்து மண்டபமோ பாலாய் ராயா என்ற பொதுமண்டபமோ கிடைத்தால் அங்கே ஒரு தார்ப்பாலின் விரித்து பேக் செய்வதே நல்லது. மழைக்காலத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான பைலட் சூட் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு விரியத் தாமதிக்கும், குறைந்த டிலேயில் அந்தத் தாமதமே போதும். ஈரமாக மூடிய பையில் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் முழுதாக உலர்த்திய பிறகே மடியுங்கள்.

செம்மண் கயிற்று இழைகளுக்குள் புகுந்து அறுக்கும், கயிற்றின் மேல் பஞ்சு எழும்பும். புல்லில் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும் விதைகளை வலையிலிருந்தும் வெல்குரோவிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பிடிப்பு இழந்த வெல்குரோதான் டோகலை முன்னதாக விடுகிறது. செம்பனை மட்டையின் முள் குத்தினால் துணியில் ஊசிமுனை அளவுதான் தெரியும், ஆகவே ஒவ்வோர் அறையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும் நேரம் முழுதும் குடைப்பை கார் பூட்டில் வெந்துகொண்டிருக்க விடாதீர்கள். ரப்பர் வளையம் சூட்டில் பிசுபிசுத்துப் பலம் குறையும் என்பது பால்மரத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையைப் பின் இருக்கையில் வையுங்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பையைத் திறந்து மறுபடி பேக் செய்யாமல் குதிக்காதீர்கள்.

விளிம்பில்

பைலட் சூட்டின் பிடியில் ஆரம்பித்து, பிரிடில் வழியாக ஊசி வரை கையை ஓட்டிப் பாருங்கள். கால் பட்டைக்கு அடியில், தோள் பட்டைக்கு உள்ளே, கையைச் சுற்றி எங்கும் அது போகக் கூடாது. கையில் பிடித்துக் குதிப்பவர் பிரிடிலை விரல்களில் சுற்றாமல் மடிப்பாகப் பிடிக்க வேண்டும், பைலட் சூட்டுக்கும் ஊசிக்கும் நடுவே கையை முழுதாக நீட்டும் அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். உடன் இருப்பவர் உங்கள் முதுகை ஒருமுறை பார்க்கட்டும்: ஊசி, அதன் மேல் மூடி, பிரிடில் வழி. "சரி" என்று சொன்னால் போதாது, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், பார்வை தொடுவானத்தில். பைலட் சூட்டைப் பக்கவாட்டில், கை முழுதும் நீள, பலமாக எறியுங்கள். எறிந்ததைத் திரும்பிப் பார்த்தால் ஒரு தோள் தாழும், குடை அந்தப் பக்கம் திரும்பும். திறந்தவுடன் கை முதலில் பின் ரைசருக்குப் போகட்டும், டோகலுக்கு அல்ல. சுவர் எதிரே இருந்தால் ஒரு பின் ரைசரை இழுத்துத் திருப்புவது டோகலை விடுவித்துத் திருப்புவதைவிட வேகமாக நடக்கும்.

காற்று கோபுரத்தை நோக்கி வீசினால், பலமாக அடித்தால், நிலையில்லாமல் இருந்தால், இறங்கி வந்துவிடுங்கள். குதிக்காமல் திரும்புவதில் அவமானம் எதுவும் இல்லை.

பதிவேடு

ஒவ்வொரு குதிப்புக்கும் பிறகு டிலே, பைலட் சூட் அளவு, ஸ்லைடர் உண்டா இல்லையா, காற்றின் திசை, குடை எந்தப் பக்கம் எத்தனை பாகை திரும்பித் திறந்தது என்று எழுதுங்கள். இரு பக்கமும் மாறி மாறித் திரும்பினால் உடல் நிலையையும் எறியும் முறையையும் கவனியுங்கள். தொடர்ந்து ஒரே பக்கம் திரும்பினால் கருவியைச் சந்தேகியுங்கள்: இரண்டு ரைசரையும் ஓர் ஆணியில் மாட்டி, பிரேக் பூட்டிய நிலையில் இரு பக்கக் கயிறுகளையும் ஒரே இழுப்பில் நீட்டி, அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்லைடர் போட்டே குதிப்பவரின் கயிறு ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழையாக இருந்தால், வளையம் உரசும் சூட்டில் அது சுருங்கும், இரு பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வித்தியாசம் விரல் அகலத்தை எட்டியிருந்தால் முடிச்சுப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள், ரிக்கரிடம் இரண்டு பிரேக் கயிறுகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.